கிட்டத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு

ஆகஸ்ட் கடைசில ஆணி வாங்கலாம்னு இரும்புக்கடைக்குப் போனவ, ஆணிய மறந்துட்டு ரெண்டு எல்க் வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டு வந்துட்டேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரு ஓரினுக்கு. அவரு வாங்கிட்டு வான்னு சொல்லல. சொல்லப்போனா, "என் பேர்ல இனிமே வாங்காத ஆர்டித்"னுதான் சொல்லியிருந்தாரு. நான் என்னிக்கு அவரு பேச்சக் கேட்டேன்? ஃப்ரிட்ஜ் கதவுல மீன் பொம்மை காந்தத்த வெச்சு அவரோடத ஒட்டிட்டேன். பால் எடுக்க வந்தாரு, பாத்தாரு, பால எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

எங்க மொன்டானா பக்கம் எல்க்குன்னா விளையாட்டு இல்லீங்க, சாப்பாடு. குதிரை உசரத்துக்கு நிக்கிற மானு. ஒண்ணு விழுந்துச்சுன்னா அடுத்த கோடை வரைக்கும் கறிக்குக் கவலையில்ல. ஓரின் பதினாலு வயசுல இருந்து மலைக்குப் போறவரு. இப்ப எழுபத்தொண்ணு. அப்பேர்ப்பட்ட மனுஷன் "போதும், நான் வரல"ன்னு உக்காந்துட்டாரு. ஏன்னு சொல்றேன்.

ஆனா அதுக்கு மொதல்ல குண்டு விஷயத்தச் சொல்லணும், இல்லாட்டி ஒண்ணும் புரியாது.

எங்க வீட்டுல தோட்டாவ கடையில வாங்குற வழக்கம் கிடையாது. நிலவறையில ஒரு மேஜை இருக்கு. அங்க உக்காந்து வெடிமருந்த நிறுத்து, மேல குண்ட அழுத்தி, ஒவ்வொண்ணா அவரே பண்ணுவாரு. அவரு போடுற குண்டு நீளமா, ஒல்லியா, மூக்குல சிவப்பு பிளாஸ்டிக் வெச்சது. "உதட்டுச்சாயம் பூசிக்கிட்டு எந்த டான்ஸுக்குக் கிளம்புது இது?"ன்னு நான் கேப்பேன். என்னோடது மழுங்கின மூக்கு, கனம் ஜாஸ்தி. "உன்னோடது உருளைக்கிழங்கு"ம்பாரு. இந்தச் சண்டை கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து ஓடுது.

குண்டுன்னா சும்மா ஓட்டை போடுறது இல்ல. உள்ள போனதும் பூ மாதிரி விரியணும். விரிஞ்சாத்தான் மிருகம் தவிக்காம சட்டுனு விழும். தூரம் போகப் போக குண்டுக்கு வேகம் கொறைஞ்சிரும் இல்லையா, அதனால தூரத்துக் குண்டுக்குச் செம்புத்தோலு மெல்லிசா இருக்கும், லேசா பட்டாலே விரியும். அதையே பக்கத்துல நின்னு சுட்டா? முழு வேகத்துல எலும்புல மோதி, விரியறதுக்குப் பதிலா பொடிப்பொடியா உதிந்து போயிரும். என்னோடது கெட்டித்தோலு. கிட்டத்துல எலும்பென்ன, எதையும் தொளைச்சுக்கிட்டு உள்ள போவும். ஆனா நானூறு கஜத்துக்கு அனுப்பினீங்கன்னா பாதி வழியிலயே தல தொங்கிரும். போய்ச் சேந்தாலும் விரியாது, ஊசி மாதிரி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். மிருகம் ஓடி எங்கயோ போய்ச் சாகும். அதனாலதான் நான் காட்டுக்குள்ள மரத்தடியில உக்காருற ஆளு. இருநூறு கஜத்துக்கு மேல துப்பாக்கியத் தூக்கவே மாட்டேன்.

ஓரின் மேட்டுல படுத்துக்கிட்டு பள்ளத்துக்கு அந்தாண்ட சுடுற ஆளு. எங்க வீட்டுக்கு எதிர்ல பள்ளம் தாண்டி ஒரு இரும்புத் தட்டு தொங்குது, ஐநூறு கஜம். கோடைகாலம் பூரா ராச்சாப்பாடு முடிஞ்சு, வெளிச்சம் இருக்கறப்பவே அத சுடுவாரு. டுமீல்னு கேக்கும். கொஞ்சம் விட்டு, டங். அந்த டங்கக் கேட்டுக்கிட்டுதான் நான் பாத்திரம் கழுவுவேன்.

போன வருஷம் நவம்பர். மேட்டுக்குப் போறதுக்கு ஊடால பைன் காடு ஒண்ணு இருக்கு. துப்பாக்கியில சிவப்பு மூக்குத் தோட்டாவ போட்டுக்கிட்டு அத தாண்டி நடந்திருக்காரு. மனசெல்லாம் மேட்டுல. திடீர்னு முன்னாடி படுத்திருந்த கொம்பன் எல்க்கு ஒண்ணு எந்திரிச்சு நின்னுருக்கு. எங்க சமையல்கட்டுல இருந்து வாசல்ல நிக்கிற லெட்டர் பெட்டி தூரம்கூட இல்ல. வலது தோளு அப்படியே எதிர்ல. சுட்டுட்டாரு. கொம்பன் தடுமாறி, எந்திரிச்சு, ஓடிருச்சு. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் முடி. அப்புறம் பனி கொட்ட ஆரம்பிச்சு எல்லாத்தையும் மூடிருச்சு.

அந்த வாரம் பூரா தேடினோம். ஓரின், நான், அவரு தங்கச்சி ட்வைலா. ட்வைலா எங்களுக்கு அடுத்த பண்ணை, வாய் நீளம், மனசு தங்கம். மூணு கிழடுங்க முட்டி போட்டு ஒவ்வொரு புதரா பாத்தோம். காக்கா கூட்டம் எங்கயாவது எறங்குதான்னு வானத்தையே பாத்தோம். கிடைக்கல.

கடைசில ஓரின் வீட்டுக்கு வந்து, சமையல்மேஜையில உக்காந்து, பேனாக்கத்திய எடுத்தாரு. லைசென்ஸ் சீட்டுல தேதிய வெட்டினாரு. ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம்தான், அது கைக்குக் கிடைச்சாத்தான் தேதிய வெட்டணும், அதான் சட்டம். கிடைக்காததுக்கு யாரும் வெட்டச் சொல்லல. ஆனா எங்க மாமனாரும் அப்படித்தான் பண்ணுவாரு, அவங்க வீட்டு வழக்கம் அது.

"கொன்னது நான். எடுத்துட்டு வரலைங்கறதுக்காக இன்னொண்ணு சுடலாமா?"ன்னாரு.

"சரிய்யா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னேன்.

"அடுத்த வருஷம் இல்ல. என் கை போயிருச்சு ஆர்டி. லெட்டர் பெட்டி தூரத்துல நிக்கிறத குறி பாத்து அடிக்கத் தெரியாதவனுக்கு மலையில என்ன வேலை?"

அதோட சரி. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, பூட்டி வெச்சாரு. இந்தக் கோடையில டங் இல்ல. தட்டு துருப்பிடிச்சுது, அதுமேல ஒரு குருவி வந்து உக்காந்து என்னையே பாக்கும். காப்பிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிக்க ஆரம்பிச்சாரு, ஒரு கைய நம்பாம. டிவி முன்னாடி உக்காந்து வானிலை பாப்பாரு. எங்கயும் போகாத மனுஷனுக்கு எதுக்குய்யா வானிலை?

இது போதாதுன்னு, ட்வைலா மகன் தேய்ன்னு ஒருத்தன் இருக்கான், பில்லிங்ஸ் டவுன்ல குடித்தனம் பண்ற பய, அவன்கிட்ட "நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வா, என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ"ன்னு வேற சொல்லிட்டாரு. எனக்குத் துப்பாக்கி பெருசில்ல. ஆனா அது எங்க வீட்ட விட்டுப் போச்சுன்னா ஓரினும் கூடவே பாதி போயிருவாருன்னு தெரியும்.

எனக்கு ஆரம்பத்துல இருந்தே சந்தேகம் குண்டு மேலதான். செப்டம்பர்ல ட்வைலாவக் கூட்டிக்கிட்டு வைக்கோல் கொட்டகைக்குப் பின்னாடி போனேன். காலி பால் கேனுங்கள்ல தண்ணி ரொப்பி, பலகை மேல வரிசையா வெச்சோம். நிலவறையில இருந்து அவரோட சிவப்பு மூக்கு ஒண்ண எடுத்து அவரு பூட்டி வெச்ச துப்பாக்கியையும் சாவி போட்டுத் தொறந்து எடுத்து, அதுலயே போட்டு, கிட்டத்துல நின்னு சுட்டேன். மொத கேன் வெடிச்சு ட்வைலா மூஞ்சியெல்லாம் தண்ணி. ரெண்டாவது கிழிஞ்சுது. மூணாவது கேன்ல அடியில சும்மா தகரத்தூசி மாதிரி கெடக்குது. குண்டு எங்கன்னு கேட்டா, குண்டே இல்ல!

என் துப்பாக்கியில என் உருளைக்கிழங்கப் போட்டேன். கேனு கேனா தொளைச்சுக்கிட்டுப் போயி, அஞ்சாவதுல காளான் மாதிரி விரிஞ்சு முழுசா கெடந்துச்சு.

"அண்ணி, இதுக்கு மேல என்ன வேணும்? கொண்டு போய் அவரு மூக்குல தேயுங்க"ன்னா ட்வைலா, சட்டைக் கையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு.

கொண்டு போனேன். மேஜை மேல அந்தத் தூசியையும் விரிஞ்ச குண்டையும் வெச்சேன். ஓரின் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"எல்க்கு பால் கேன் இல்ல ஆர்டி."

"யோவ், தோலு தனியா, ஈயம் தனியா பிரிஞ்சு கெடக்கு, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ஆனா நான் தோள்லதான் அடிச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. வயித்துல பட்டிருந்தா எந்தக் குண்டா இருந்தாலும் ஓடத்தான் செய்யும்." கண்ணாடியக் கழட்டினாரு. "அந்தக் குண்ட நான்தான் தேடிப் பிடிச்சு வாங்கினேன். நல்ல குண்டு. அது மேல பழிய போடாத."

ட்வைலா வாசப்படியில நின்னு, "அண்ணே, உன் குண்டு மேல உனக்கு இருக்குற பாசம் என் மேல இருந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்"னா. அவரு சிரிக்கல.

சரின்னு விட்டுட்டேன். வேற என்ன பண்றது? அந்தக் கொம்பன் வந்து சாட்சி சொன்னாத்தான் உண்டு.

நவம்பர் நடுவுல ஒரு காலையில ட்வைலாவும் நானும் அதே பைன் காட்டுக்குப் போனோம். மேல ஆரஞ்சு சட்டை, பையில வேகவெச்ச முட்டை. ட்வைலா கீழ ஓடைப் பக்கம் உக்காந்தா, நான் மேல ஊத்துப் பக்கம் ஒரு மரத்துல சாஞ்சுக்கிட்டேன். முட்டி வலிக்கு அடியில ஒரு தலகாணி வேற. குளிருல மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு, உறிஞ்சினா சத்தம் கேக்கும்னு அப்படியே விட்டுட்டேன். நல்லவேள யாரும் பாக்கல.

வெயில் மரத்துக்குள்ள எறங்குற நேரம், கொம்பன் வந்துச்சு. மெதுவா. முன்னங்கால் ஒண்ண லேசா தாங்கித் தாங்கி வைக்குது. ஒரு பக்கக் கொம்பு ஜோரா கிளை விட்டு நிக்குது. இன்னொரு பக்கம் காத்துல மடங்கின கொடை மாதிரி கோணிக்கிட்டு கீழ தொங்குது. எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், ஒடம்புல பெரிய அடி பட்டு ஆறின மிருகத்துக்கு அடுத்த வருஷக் கொம்பு கோணலா மொளைக்கும். இதுவா? இருக்காது. இருந்தா?

நாப்பது கஜம். தோளுக்குப் பின்னால. சுட்டேன். கொஞ்ச தூரம் போயி, முன்னங்கால் மடிஞ்சு, அப்படியே சாஞ்சுருச்சு. பக்கத்துல போயி உக்காந்து, கழுத்துல கை வெச்சு, நன்றி சொன்னேன். சீட்டுல தேதிய வெட்டினேன். அப்புறம் மூக்கத் தொடச்சேன்.

ட்வைலா எறங்கிப் போயி ஓரினையும், சுமை தூக்குற எங்க கோவேறு கழுதை பெர்த்தாவையும் கூட்டிட்டு வந்தா. வேட்டைக்கு வரமாட்டேன்னவரு கறி சுமக்க வரமாட்டேன்னு சொல்ல முடியுமா? மொணமொணத்துக்கிட்டே வந்தாரு.

"இந்தக் கோணக் கொம்புதான் கெடைச்சுதா உனக்கு?"

"கொம்பையா கொழம்பு வைக்கப் போறோம்? வந்து கால பிடிய்யா."

"உன் உருளைக்கிழங்கு உள்ள போச்சா?"

"அந்தப் பக்கத் தோலுக்கு அடியில முண்டிக்கிட்டு நிக்குது, தொட்டுப் பாரு."

தொட்டுப் பாத்தாரு. கத்திய எடுத்தாரு. தோலுரிக்கிறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. இடது பக்கம் முடிச்சு, மூணு பேருமா புரட்டிப் போட்டு, வலது பக்கம் ஆரம்பிச்சாரு. தோள்கிட்ட வந்ததும் தோலு வரல, உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. கை அகலத்துக்கு வெள்ளையா, கெட்டியா ஒரு பழைய தழும்பு. கத்தி உள்ள எறங்குச்சு. கிர்ர்க்னு ஒரு சத்தம்.

"கல்லா?"ன்னா ட்வைலா.

"தோளுக்குள்ள ஏதுடி கல்லு"ன்னாரு ஓரின்.

விரல விட்டு நோண்டி எடுத்தாரு. பனிய அள்ளி அதுல தேய்ச்சாரு. உள்ளங்கையில வெச்சுப் பாத்தா, பச்சை பூத்த செம்புத்தோலு, நகத்தளவு, ஓரமெல்லாம் கிழிஞ்சு கெடக்கு. எலும்பு மேல ஈயப்பொடி கறுப்பா தெறிச்சு ஒட்டியிருக்கு. தோள் எலும்பு லேசா விரிசல் விட்டு, திரும்ப கூடியிருக்கு. எலும்பத் தாண்டி ஒரு துணுக்குகூட உள்ள போகல. அந்தத் தழும்புக்குள்ள, கடுகு அளவுக்கு, ஒரு சிவப்புத் துண்டு. பிளாஸ்டிக்கு.

ட்வைலா வாயத் தொறந்தா. அவ தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். வாய மூடிக்கிட்டா.

ஓரின் ஆள்காட்டி விரல அந்த விரிசல் மேல வெச்சாரு. எடுக்கல. பெர்த்தா பின்னாடி பெருமூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. அவரு மொகத்த என்னால பாக்க முடியல, தொப்பி மறைக்குது.

"நான் குறி வெச்ச எடம்"னாரு. ரொம்ப மெதுவா. "இம்மி தள்ளல."

"அதான் நான் சொன்னேன்"னு சொல்ல நாக்கு துடிச்சுது. சொல்லலீங்க. எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் தலையத் தூக்கிப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் ஈரம். "இது என் எல்க்குடீ"ன்னாரு.

"என்னது?"

"போன வருஷமே நான் சீட்டு வெட்டிட்டேன்ல? என் பேர்ல சீட்டு வெட்டின மிருகம் இது. நீ யாரு இத சுட?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மறுபடியும் மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. ட்வைலா மரத்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. "பாவம் அது, உன் சீட்ட கழுத்துல கட்டாத கொறையா ஒரு வருஷம் பூரா புல்லு மேஞ்சிருக்கு! சரி அண்ணே, உன் எல்க்குன்னா நீயே சுமந்துட்டு வா. வாங்க அண்ணி, நாம முட்டை சாப்பிடலாம்."

தோள்ல ஈயம் பட்ட கறிய அறுத்துத் தள்ளிட்டு, மிச்சத்த பெர்த்தா மேல ஏத்தினோம். எறங்கி வர்ற வழியில ஓடை தாண்டினதும் சொன்னாரு, "குண்டு தப்பு. குண்ட தேடிப் பிடிச்சு வாங்கினவன் தப்பு."

"வாங்கினவன் வேற வாங்கலாம்ல? இந்த மாதிரி நல்ல கைய எந்தக் கடையிலய்யா வாங்குவ?"

மறுநாள் காலையில பால் எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவுல மீன் பொம்மை மட்டும் தனியா தொங்குது, சீட்டக் காணோம்.

ரெண்டு நாளா நிலவறையில வெளக்கு எரிஞ்சுது. தேங்க்ஸ்கிவிங்குக்கு மொத நாள், நான் வான்கோழிக்குள்ள அடைக்கிற ரொட்டியப் பிச்சுக்கிட்டு இருக்கேன். வெளிய டுமீல்னு ஒரு சத்தம். கை அப்படியே நின்னுபோச்சு. காது கொடுத்துக் கேக்கறேன். ஒண்ணும் இல்ல. மறுபடி டுமீல். ஒண்ணும் இல்ல. ஐயோ, ஆண்டவனே, இந்தக் கிழவன் இப்ப மனசொடிஞ்சு போயிருவானேன்னு ஈரக் கையோட சன்னல்கிட்ட போனேன். மூணாவது டுமீல்.

கொஞ்சம் விட்டு, டங்.

குருவி எங்கயோ பறந்துருச்சு. ரொட்டியில உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன், மறுநாள் எல்லாரும் தண்ணி குடிச்சுக் குடிச்சு சாப்பிட்டாங்க.

உள்ள வந்தாரு, காதெல்லாம் சிவந்து. "துரு உதிர ரெண்டு குண்டு ஆச்சு"ன்னாரு. தட்டே ஆடலங்கறப்போ துரு எப்படி உதிரும்னு நான் கேக்கல.

மறுநாள் தேய்ன் வந்தான், பொண்டாட்டியோட. முப்பத்தஞ்சு வயசு ஆளு, மாடு மாதிரி ஒடம்பு. சாப்பாட்டுல உக்காந்ததும் ஆரம்பிச்சான்.

"மாமா, துப்பாக்கி எங்க இருக்கு? வண்டியில வெச்சிரவா?"

"எந்தத் துப்பாக்கி?"

"எனக்குத் தரேன்னீங்களே."

"நான் செத்தப்புறம்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லலையே!"

"இப்ப சொல்றேன். இந்தா, வான்கோழிக் கால எடுத்துக்க."

தேய்ன் என்னப் பாத்தான். "அத்த, என்ன இது?"

"கால எடுத்துக்கடா, ஆறிரும்"னேன்.

ட்வைலா மகன் முதுகுல தட்டி, "உங்க மாமன் இப்போதைக்குச் சாகற மாதிரி தெரியல. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வெச்சுக்க"ன்னா. ஓரினும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமையோட சீசன் முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை விடியறப்போ ரெண்டு பேரும் கிளம்பிட்டோம். என் சீட்டுதான் முடிஞ்சுபோச்சே, எனக்குத் துப்பாக்கி இல்ல, காப்பி ஃப்ளாஸ்க்குதான். காட்டு ஓரத்துல நின்னு அவரு தோட்டா போட்டாரு. பாத்தா, மழுங்கின மூக்கு! என்னோட மாதிரியே கெட்டித்தோலு, கனமானது. அவரு துப்பாக்கிக்குத் தகுந்த மாதிரி பண்ணியிருக்காரு. ரெண்டே ரெண்டு சிவப்பு மூக்க மட்டும் இடது மணிக்கட்டுல ரப்பர் பட்டைக்குள்ள சொருகி வெச்சிருக்காரு.

"என்னய்யா இது, வளையலா?"

"கிட்டத்துல வர்றது சொல்லிட்டா வரும்? படக்குனு எந்திரிச்சு நிக்கும், யோசிக்க நேரமிருக்காது. அதனால உள்ள இருக்கறது கிட்டத்துக் குண்டாதான் இருக்கணும். தூரத்துல நிக்கிறது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டிருக்கும். நிதானமா மாத்திக்கலாம்."

"ரெண்டும் ஒரே எடத்துல படாதே?"

"கிட்டத்துல ரெண்டு வெரல் மேல கீழ போனா என்ன. தட்டுல அடிச்சது சிவப்பு மூக்கு. தூரத்துக் குறியெல்லாம் அதுக்குத்தான் வெச்சிருக்கு." ரப்பர் பட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, "இத போன வருஷமே பண்ணியிருக்கணும்"னாரு.

"போன வருஷம் வளையல் போட வெக்கமா இருந்திருக்கும்"னேன். சிரிச்சாரு. எவ்வளவு நாளாச்சுங்க அந்தச் சிரிப்பக் கேட்டு.

காட்டுக்குள்ள மெதுவா நடந்தோம். நான் முட்டிக்காக, அவரு மூச்சுக்காக. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாடியும் இப்ப எந்திரிக்கும், இப்ப எந்திரிக்கும்னு பாத்தேன். ஒரு அணிலு மட்டும் மேல உக்காந்து எங்களத் திட்டோ திட்டுன்னு திட்டிச்சு. வேற ஒண்ணும் வரல. காடு முடிஞ்சு மேட்டுல தலைய நீட்டினா, பள்ளத்துக்கு அந்தாண்ட சரிவுல பெண் எல்க்கு நாலு, காலை வெயில்ல புல்லு மேஞ்சுக்கிட்டு நிக்குது. அவரு சீட்டுக்கு ஆணோ பெண்ணோ எதுவும் சரி.

தூரம் பாக்குற கருவிய கண்ணுல வெச்சாரு. "முந்நூத்தி எம்பது."

கிட்டத்துல வந்திருக்கக்கூடாதா? என் குண்டு அந்தத் தூரத்துக்குச் செல்லாது. என் கையும் செல்லாது. இது அவரோட தூரம், அவரோட குண்டு. ஆனா ஒரு வருஷமா நம்பாம வெச்சிருந்த கையாச்சே.

அவரு அவசரப்படல. பையக் கழட்டி முன்னாடி வெச்சாரு. துப்பாக்கியத் தொறந்து மழுங்கின மூக்க வெளிய எடுத்து என் உள்ளங்கையில குடுத்தாரு. மணிக்கட்டுல இருந்து சிவப்பு மூக்க உருவி உள்ள போட்டாரு. படுத்தாரு. எதிர்ச் சரிவுல புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாரு. நான் அவரு கையப் பாத்துக்கிட்டிருந்தேன்.

"என்ன பாக்குற?"

"உன் கைய."

"கைய விடு. மானப் பாரு, கிழவி."

மானப் பாத்தேன். முன்னாடி நின்னது பக்கவாட்டுல திரும்பி, தலையத் தூக்கிச்சு. டுமீல்னு காது அடைச்சுது. ஒண்ணும் ஆகல. அடப்பாவமேன்னு நினைக்கறதுக்குள்ள அது ரெண்டு எட்டு வெச்சு, களைச்சுப்போன மாடு படுக்கற மாதிரி கால மடக்கி உக்காந்து, தலைய கீழ வெச்சுது. எந்திரிக்கல.

ஓரின் நெத்திய துப்பாக்கிக் கட்டை மேல வெச்சுக்கிட்டு அப்படியே கெடந்தாரு. முதுகுல கை வெச்சேன்.

"உன் உதட்டுச்சாயம் நல்ல குண்டுதான்யா"ன்னேன்.

"நான்தான் சொன்னேனே"ன்னாரு, மொகத்தத் தூக்காமலே.

கொஞ்ச நேரம் காப்பி குடிச்சோம். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

"யோவ், அது அந்தப் பக்கம். நாம இந்தப் பக்கம்."

"தெரியும்."

"நடுவுல பள்ளம். பெர்த்தா இதுல எறங்காது."

"தெரியும். மேட்டுல போன் எடுக்கும். தேய்னக் கூப்பிடு."

கூப்பிட்டேன். ட்வைலா வீட்டுல தங்கியிருந்தவன் தூக்கக் கலக்கத்துல எல்லாத்தையும் கேட்டுட்டு, "அத்த, மாமாகிட்ட குடுங்க"ன்னான். அவன் சத்தம் எனக்கே கேக்குது. "மாமா, துப்பாக்கி உங்களுக்கு, சுமை எனக்கா?"

"நான் செத்தப்புறம் துப்பாக்கி உனக்கு. அதுவரைக்கும் சுமை"ன்னுட்டு போன எங்கிட்ட குடுத்தாரு.

திட்டிக்கிட்டே வந்தான், சுமை கட்டித் தூக்குற முதுகுச் சட்டமும் கயிறுமா. அவன் வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பாதிவழி உக்காந்து உக்காந்தே வழுக்கிக்கிட்டு, பள்ளத்துல எறங்கி அந்தப் பக்கம் ஏறிட்டோம். நல்ல கொழுத்த மிருகம். குண்டு பூ மாதிரி விரிஞ்சிருந்துச்சு, அப்புறமா தோலுரிக்கறப்போ பாத்தோம்.

ஓரின் அது பக்கத்துல முட்டி போட்டு, சட்டைப் பையில இருந்து சீட்ட எடுத்தாரு. என் ஃப்ரிட்ஜ் கதவுல மூணு மாசம் தொங்கின அதே சீட்டு, மூலையில மீன் பொம்மை அழுத்தின தடம் இருக்கு. பேனாக்கத்தியத் தொறந்து தேதிய வெட்ட ஆரம்பிச்சாரு. கோடு நேரா வரல. கை நடுங்குது.

"குளிரு"ன்னாரு.

"ஆமா, பயங்கரக் குளிரு"ன்னேன். வெயில் சுள்ளுனு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் சீட்டோட மூலையப் பிடிச்சுக்கிட்டேன், அவரு வெட்டி முடிச்சாரு.